ஊர் கூடிக் கட்டிய பள்ளிக்கூடங்கள்



நம் சங்கத்தின் சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் கட்டட நிதி பற்றி நடந்த விவாதம் பலருக்கும் நினைவிருக்கும். ஆய்வுக்கூடத்தின் கூரை ஒழுகுகிறது, நூலகத்தில் உட்கார இடம் இல்லை என்றெல்லாம் பேச்சு வந்தபோது சபை இரண்டாகப் பிரிந்து நின்றது. கட்டடம் கட்டித் தருவது அரசாங்கத்தின் வேலை, நாம் ஏன் கை நீட்டிக் காசு கொடுக்கணும் என்று ஒரு சாரார். அரசாங்கத்தை நம்பிக் காத்திருந்தால் இன்னும் பத்து மழைக்காலம் போய்விடும், நாமே போட்டுக் கட்டிவிடுவோம் என்று இன்னொரு சாரார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போதும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்கு ஒரு மனிதரின் நினைவுதான். இதே கேள்வியைத் தமிழ்நாடு முழுவதற்குமாக ஒருவர் எடுத்துப் போட்டு, ஊர் ஊராகப் போய் விடை தேடினார். அவர் கல்லூரிப் படி ஏறியவர் இல்லை. உயர்நிலைப் பள்ளியையும் முடித்தவர் இல்லை. பெருந்தலைவர் காமராஜரைத்தான் சொல்கிறேன். அவருடைய முழு வாழ்க்கையையும் சொல்ல இந்த மலரில் இடம் போதாது. பள்ளிக்கூடக் கட்டடம், அதற்கான பணம் என்ற ஒரு நூலைப் பிடித்துக் கொண்டு அவர் வாழ்வைச் சொல்லிப் பார்க்கிறேன்.

பிடி அரிசிப் பள்ளிக்கூடம்

1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் விருதுநகரில், அன்றைய பெயரில் விருதுபட்டியில், குமாரசாமி நாடாருக்கும் சிவகாமி அம்மாளுக்கும் பிறந்தவர் காமராஜர். நாகம்மாள் என்று ஒரு தங்கை. ஏனாதி நாயனார் வித்தியாசாலையில் எழுத்துப் படிப்பைத் தொடங்கி, பிறகு சத்திரிய வித்தியாசாலையில் சேர்ந்தார்.

இந்த சத்திரிய வித்தியாசாலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நாடார் சமூகத்தாருக்குப் பல கோயில்களுக்குள் நுழையவே தடை இருந்த காலம் அது. யாரும் நமக்குக் கட்டித் தரப் போவதில்லை என்று தெரிந்து கொண்ட அந்த மக்கள் தாங்களே கட்டிக் கொண்டார்கள். வியாபாரிகள் தங்கள் சரக்குக்கு இவ்வளவு என்று மகமை கொடுத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த அரிசி விற்றுக் காசானது, காசு பள்ளிக்கூடமானது. அங்கே பிள்ளைகளிடம் சம்பளம் வாங்கவில்லை.

ஆக, சிறுவன் காமராஜ் உட்கார்ந்து படித்த கட்டடத்தில் ஊரார் வீட்டு அடுப்படி அரிசி கலந்திருந்தது. பின்னாளில் அவர் செய்த காரியங்களுக்கு வேர் எங்கே என்று கேட்டால், இங்கேதான் என்பேன்.

அந்தப் பள்ளியிலும் அவரால் நெடுநாள் படிக்க முடியவில்லை. சிறு வயதிலேயே தந்தை இறந்து போனார். அம்மாவின் நகையை விற்று வட்டிக்கு விட்டுக் குடும்பம் நடந்தது. இலவசப் பள்ளிதான், சம்பளம் கட்ட வேண்டியதில்லைதான். ஆனால் வீட்டில் வருமானம் இல்லாதபோது இலவசம் மட்டும் பிள்ளையைப் பள்ளியில் பிடித்து வைக்காது. ஆறாம் வகுப்போடு நின்று தாய்மாமன் கருப்பையாவின் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனார். இந்தப் பாடத்தை அவர் மறக்கவே இல்லை.

சிறையே பள்ளி

1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி கேட்டுப் பொதுவாழ்வுக்கு வந்தார். 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாக்கிரகம், அலிப்பூர் சிறை. அதற்குப் பிறகு வேலூர், அமராவதி என்று சிறை மேல் சிறை. மொத்தம் ஏறத்தாழ 9 ஆண்டுகள் கம்பிக்குப் பின்னால் கழிந்தன. விட்டுப்போன படிப்பைச் சக கைதிகளின் துணையோடு அங்கேதான் படித்தார். ஆங்கிலப் பத்திரிகைகளை வாசித்துப் புரிந்து கொள்ளும் அளவுக்குத் தேறினார்.

1941-இல் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார், தலைவராகவும் ஆக்கினார்கள். விடுதலையாகி வந்தவர் அந்தப் பதவியை உடனே துறந்துவிட்டார். முழு மனதோடு செய்ய முடியாத பொறுப்பை வெறும் பெயருக்கு வைத்துக் கொள்வது அவர் சுபாவமில்லை. 1940 முதல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவராகக் கிராமம் கிராமமாகச் சுற்றினார். எந்த ஊரில் குளம் இருக்கிறது, எந்த ஊருக்குப் பாதை இல்லை, எங்கே பள்ளிக்கூடம் கோயில் மண்டபத்தில் நடக்கிறது என்பதெல்லாம் கோப்பைப் புரட்டாமலே அவருக்குத் தெரிந்தது இப்படித்தான்.

1954: கேள்வி வந்து நின்ற இடம்

நாடு விடுதலை பெற்றாயிற்று. அரசியல் சட்டமும் வந்தாயிற்று. 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தர 1950 முதல் பத்து ஆண்டுக்குள் முயல வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆனால் பணம்? கட்டடம்? வாத்தியார்?

1953-இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது ஒரு வழி சொன்னார். கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகள் மூன்று மணி நேரம் மட்டும் படிக்கட்டும், மீதி நேரம் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்பது அந்தத் திட்டம். இருக்கிற கட்டடத்தையும் ஆசிரியரையும் வைத்துக் கொண்டு இரண்டு பங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் அப்பன் தொழிலே பிள்ளைக்கு என்று விதிப்பதாகும் என்று குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டுப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. ராஜாஜி விலகினார். 1954 ஏப்ரல் 13-ஆம் நாள் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதமே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

திட்டத்தைக் கைவிடுவது சுலபம். அதற்குக் காரணமாக இருந்த பற்றாக்குறையைக் கைவிட முடியுமா? அது அப்படியே நின்றது. கிராமங்களில் பள்ளிகள் பல, சாவடியிலும் திண்ணையிலும் கீற்றுக் கொட்டகையிலும் நடந்து கொண்டிருந்தன. ஆயிரக்கணக்கான ஊர்களில் அதுவும் இல்லை.

இங்கே காமராஜரின் பெருந்தன்மையைச் சொல்லாமல் போக முடியாது. சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். அவரையே அமைச்சரவையில் சேர்த்து, நிதியையும் கல்வியையும் சேர்த்துக் கொடுத்தார். பணப்பெட்டிச் சாவியும் பள்ளிக்கூடச் சாவியும் ஒரே கையில். பொதுக்கல்வி இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு வந்து சேர்ந்தார். பள்ளி இல்லாத ஊர்களைக் கணக்கெடுத்து, படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த இளைஞர்களை ஆசிரியர்களாகப் போட்டு, ஓராசிரியர் பள்ளிகளாகத் திறந்து கொண்டே போனார்கள். நல்ல கட்டடம் வரும்வரை பள்ளியைத் திறக்காமல் இருப்பதா, கிடைத்த கொட்டகையில் திறந்துவிட்டுக் கட்டடத்தைப் பின்னால் பார்த்துக் கொள்வதா என்ற கேள்விக்கு, முதலில் திற என்பதே அவர்கள் விடையாக இருந்தது. குழந்தையின் வயது காத்திருக்காது அல்லவா.

நாலு காசின் கணக்கு

பள்ளி திறந்தாயிற்று, பிள்ளை வரணுமே! மாடு மேய்த்துக் கொண்டிருந்த சிறுவர்களைப் பார்த்துக் காரை நிறுத்தி, ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று காமராஜர் விசாரித்த கதையை நம் வீட்டுப் பெரியவர்கள் பல விதமாகச் சொல்வார்கள். கதை எந்த ஊரில் நடந்தால் என்ன, பசிதான் விடை. ஜவுளிக் கடைக்குப் போன பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது புதிய செய்தியா என்ன!

சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் நீதிக்கட்சிக் காலத்திலேயே, 1920-களில், மதிய உணவு போட்டுப் பார்த்திருந்தார்கள். அதை மாநிலம் முழுவதற்கும் விரிப்பது என்பது வேறு. செலவுக்கு எங்கே போவது என்று தயக்கம் எழுந்தபோது, ஊர் ஊராகப் பிச்சை எடுத்தாவது நடத்துவேன் என்ற அளவுக்கு அவர் உறுதியாக நின்றார் என்பார்கள். 1956-இல் பாரதி பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. முதலில் ஊரார் கொடையாகவே நடந்தது. 1957-இல் அரசு உதவி சேர்ந்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, அரசு ஆறு காசு, உள்ளூர் நாலு காசு என்று பங்கு பிரித்தார்கள்.

தம்பி தங்கைகளே, இந்த நாலு காசைச் சிறிது என்று நினைத்துவிடாதீர்கள். 50 பிள்ளைகள் சாப்பிடும் பள்ளிக்கு ஊர் ஒரு நாளைக்கு 2 ரூபாய் தர வேண்டும். அன்றைக்கு வயலில் இறங்கி வேலை செய்தவரின் ஒரு நாள் கூலியைவிட அது கூடுதல். பல ஊர்களில் அதைக் காசாகக் கொடுக்க முடியாமல் நெல்லாக, பருப்பாக, காய்கறியாக, விறகாகக் கொடுத்தார்கள். விருதுநகரின் பிடி அரிசி மாநிலம் பூராவும் வந்துவிட்டது போல ஆயிற்று.

பட்டியல் போட்டுக் கேட்ட மாநாடுகள்

சோற்றுக்கு ஊர் கை கொடுத்தது என்றால் கட்டடத்துக்கும் கொடுக்காதா? இந்த யோசனையில் பிறந்ததுதான் பள்ளிச் சீரமைப்பு இயக்கம். 1958-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் மாநாடு நடந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நடந்துவிட்டன.

மாநாடு என்றதும் பந்தலும் மாலையும் மட்டும் என்று எண்ண வேண்டாம். உண்மையான வேலை மாநாட்டுக்கு முன்பே நடந்துவிடும். கல்வி அதிகாரிகளும் தலைமையாசிரியரும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்து உட்கார்ந்து, தங்கள் பள்ளிக்கு என்னென்ன இல்லை என்று ஒவ்வொன்றாக எழுதுவார்கள். கூரை மாற்ற வேண்டும், இன்னொரு அறை வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு, விளையாட நிலம், கிணறு, பெஞ்சு, கரும்பலகை, தேசப்படம், கடிகாரம், ரேடியோ, தண்ணீர்ப் பானை, ஏழைப் பிள்ளைக்குச் சீருடை, சிலேட்டு. ஒவ்வொன்றுக்கும் நேரே விலை. பிறகு அந்தப் பட்டியலோடு வீடு வீடாகப் போவார்கள். ஒருவர் அறை கட்டித் தருவார், ஒருவர் பானை வாங்கித் தருவார். அவரவர் சக்திக்கு ஏற்ற ஒரு வரி அந்தப் பட்டியலில் இருக்கும், அதுதான் அதன் சூட்சுமம். பல பள்ளிகள் சேர்ந்த வட்டாரத்துக்கு ஒரு மாநாடு. கொடுத்தவர் பெயரும் பொருளும் அங்கே அறிவிக்கப்படும். பல மாநாடுகளுக்கு முதலமைச்சரே வந்து உட்கார்ந்து கேட்டார். இப்படி ஊர்கள் கொடுத்தது கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புக்குச் சென்றது. இந்தப் பணிக்காக நாடறிந்த சுந்தரவடிவேலுவுக்கு 1961-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

என் சொந்த அனுபவம் ஒன்று. எங்க ஊர்ப் பள்ளி பனை ஓலைக் கொட்டகையில் நடந்தது. நான் மூன்றாம் வகுப்பு. பட்டியல் எடுத்துக்கிட்டு வாத்தியார் எங்க வீட்டுக்கும் வந்தாங்க. கையில் காசு இல்லாத என் அப்பாயி, வீட்டில் இருந்த இரண்டு பித்தளைக் குடத்தில் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துட்டாங்க. அந்தக் குடத்தில் தண்ணி மொண்டு குடிக்கும்போதெல்லாம் இது எங்க வீட்டுக் குடமாக்கும் என்று எனக்கு ஒரு பெருமை. ஓட்டுக் கூரை போட்டது ஊர்ப் பெரிய பண்ணை. பெயர் பொறித்த கல்லும் வைத்தார்கள்.

ஆனால் இதையும் சொல்லியாகணும். மண் குழைத்துச் சுவர் எழுப்பியவர்கள் காலனியில் இருந்து வந்து இரண்டு வாரம் கூலி வாங்காமல் வேலை செய்தவர்கள். அவர்கள் பெயர் அந்தக் கல்லிலும் இல்லை, மாநாட்டில் படித்த பட்டியலிலும் இல்லை. அப்போது எனக்கு அது தோன்றவில்லை. இந்தக் கல்லூரிக்கு வந்து, அந்தச் சுவர் எழுப்பியவர்களில் ஒருவரின் மகன் என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தபோது, அவன் ஒரு நாள் அதைச் சொன்னான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக் கொள்வது என்று தெரியவில்லை.

இரு பக்க நியாயம்

நம் பொதுக்குழுவில் எழுந்த கேள்விகளை அந்த இயக்கத்திடமும் கேட்கலாம். அரசு தன் கடமையை ஊர் தலையில் கட்டியதா? வசதியுள்ளவர் இருக்கும் ஊர்ப் பள்ளி செழிக்க, எல்லாரும் கூலிக்காரராக உள்ள ஊர்ப் பள்ளி என்ன ஆகும்? கொடுத்தவர் பள்ளியை ஆட்டிப் படைக்க மாட்டாரா? வாஸ்தவமான கேள்விகள்தான். மேடையில் சொன்னதெல்லாம் பொருளாக வந்து சேர்ந்துவிடவும் இல்லை.

ஆனால் காமராஜர் செய்ததில் ஒரு வரிசை இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஆசிரியர் சம்பளம் அரசுப் பொறுப்பில் இருந்தது. சாப்பாட்டில் பெரிய பங்கான ஆறு காசு அரசுடையது. அதை முதலில் மேசை மேல் வைத்துவிட்டுத்தான் ஊரின் நாலு காசை அவர் கேட்டார். 1960-இல் ஆண்டு வருமானம் 1200 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி வரை இலவசக் கல்வி என்று ஆக்கினார். அடுத்து வந்த பக்தவத்சலம் காலத்தில் அது எல்லாருக்குமாக விரிந்தது. தன் பங்கைக் குறைத்துக் கொள்வதற்காக அவர் மக்களிடம் போகவில்லை. தன் பங்கும் போதாது என்று கணக்கைத் திறந்து காட்டவே போனார்.

இன்னொன்று, காசைவிடப் பெரியது. தன் குடம் இருக்கிற பள்ளிக்குத் தன் பேரனை அனுப்பாமல் இருக்க மாட்டாள் ஒரு கிழவி. வாத்தியார் வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பாள். அந்த உரிமையை எந்த அரசாணையாலும் உண்டாக்க முடியாது.

சொந்தக் கூரை இல்லாதவர்

1963 அக்டோபர் 2-ஆம் நாள், கட்சிப் பணிக்காக முதலமைச்சர் பதவியைத் தாமே துறந்தார். காமராஜ் திட்டம் என்று நாடே அதைப் பேசியது. 1964-இல் அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். நேருவுக்குப் பின் லால்பகதூர் சாஸ்திரி, அவருக்குப் பின் இந்திரா காந்தி என்று இரண்டு பிரதமர்கள் வருவதற்குத் துணை நின்றார். 1967-இல் சொந்த ஊரான விருதுநகரிலேயே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். தான் திறந்த பள்ளிகளில் படித்து வந்த தலைமுறை தன்னையே எதிர்த்து வாக்களித்ததை அவர் பழியாக எடுத்துக் கொள்ளவில்லை. 1969-இல் நாகர்கோவில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1975-இல், அதே அக்டோபர் 2-இல், காலமானார். 1976-இல் பாரத ரத்னா அளிக்கப்பட்டது.

திருமணம் செய்து கொள்ளாதவர். சென்னையில் திருமலைப் பிள்ளை சாலையில் அவர் வாழ்ந்தது வாடகை வீடு. விருதுநகரில் தாயார் வீட்டுக்கென்று தனியாகப் போட்ட குடிநீர்க் குழாயை எடுக்கச் சொன்னார் என்பார்கள். எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளின் தலைக்கு மேல் ஓட்டுக் கூரை வர வைத்தவர், தனக்கென்று ஒரு வீடு கட்டிக் கொள்ளவில்லை. 2006 முதல் அவர் பிறந்த நாளைக் கல்வி வளர்ச்சி நாளாக அரசு கொண்டாடுகிறது.

நமக்கு என்ன?

மதிய உணவு இன்று முழுவதும் அரசுச் செலவு. 2022-இல் காலை உணவும் தொடங்கிவிட்டது. நாலு காசு வசூல் பழங்கதை. அதே 2022-இல்தான் முன்னாள் மாணவர்களும் மற்றவர்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ, நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்ற அமைப்பையும் அரசு தொடங்கியது. ஆக, அந்தப் பழைய பட்டியல் இன்னும் செல்லுபடியாகிற பட்டியல்தான்.

நம் சங்கத்துக்கு என் தாழ்மையான யோசனை இது. முதலில் கல்லூரிக்கு என்னென்ன இல்லை என்று ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் விலை போடட்டும். அதில் அரசும் நிர்வாகமும் தர வேண்டியது எது என்று தனியே கோடிட்டு, அதைக் கேட்டு நாமே கோட்டைக்குப் போவோம், விடாமல் போவோம். மீதியை நாம் பங்கு போட்டுக் கொள்வோம். ஆய்வுக்கூடக் கூரை கொடுக்க முடிந்தவர் கூரை கொடுக்கட்டும், நாற்காலி கொடுக்க முடிந்தவர் நாற்காலி கொடுக்கட்டும். வரவு செலவை அறிவிப்புப் பலகையில் மாதா மாதம் ஒட்டுவோம், மாணவரும் படிக்கட்டும்.

கட்டி முடித்ததும் கல் வைப்போம் என்றால், அதில் லட்சம் கொடுத்தவர் பெயருக்குப் பக்கத்தில் நூறு கொடுத்தவர் பெயரும், கலவை சுமந்த சித்தாள் பெயரும் இருக்கட்டும். என் பக்கத்து பெஞ்சு நண்பனும் இந்தச் சந்திப்புக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். கல்லில் என்ன எழுதுவது என்பதை அவனிடமே கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.